பட்டை விளிம்புக் கிண்ணம்: பச்சையாகக் கடைவதா, காயவைத்து இரண்டு தடவை கடைவதா, காய்ந்த கட்டையிலேயே கடைவதா?

மழைக்காலத்துக்கு முன்னால் ஈ.பி. காரர்கள் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிப் போடுவார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு எனக்கு வரும் போட்டோக்களெல்லாம் கட்டைகளின் போட்டோக்கள்தான். கடைசியாக வந்தது இது: "தூங்குமூஞ்சிக் கட்டை, ஒண்ணரை அடி நீளம், பட்டை அப்படியே இருக்கு. பட்டையோட கிண்ணம் கடையணும். இப்பவே போடலாமா, ஒரு வருஷம் காயவைக்கணுமா?"

சாதாரண மரக் கிண்ணத்தின் வாய் தட்டையாக இருக்கும். பட்டை விளிம்புக் கிண்ணத்தில் அப்படி இல்லை. உருட்டுக்கட்டையை நடுச்சோறு (கட்டையின் நட்டநடு மையம்) வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பட்டைப் பக்கம் வாயாகவும் பிளந்த பக்கம் அடியாகவும் வரும்படி லேத்தில், அதாவது கட்டையைச் சுழலவிடும் கடைசல் இயந்திரத்தில், மாட்டிக் கடைகிறோம். கட்டையின் வெளிப்புறம் உருண்டையானது என்பதால், கிண்ணத்தின் வாய் இரண்டு இடத்தில் மேலே ஏறி, இரண்டு இடத்தில் கீழே இறங்கும். ஓரத்தில் கறுத்த பட்டை, அதன் கீழே வெள்ளையின் (வைரம் பாயாத வெளிமரம்) ஒரு கோடு, அப்புறம் வைரம் பாய்ந்த உள்மரம். எங்கள் ஊரில் கட்டில் கால் கடையும் பெரியவர் ஒருவரிடம் முதல் கிண்ணத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதியை எப்ப கடையப் போறீங்க?" என்று கேட்டார்.

சாதாரணக் கிண்ணத்துக்குப் புத்தகங்கள் சொல்லும் வழி, பச்சையில் தடிமனாகக் கடைந்து, காயவைத்து, மறுபடி கடைவது. நானும் பல வருஷம் பட்டைக் கிண்ணத்துக்கும் அதையே செய்து, கிண்ணங்களையும் பட்டைகளையும் இழந்தேன். இந்த வகைக் கிண்ணத்துக்கு அந்த விதி பெரும்பாலும் தலைகீழ்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி பட்டை நிற்குமா என்பது. பட்டை போய்விட்டால் இத்தனை பாடும் எதற்கு?

இரண்டாவது, வெடிக்குமா. பச்சை மரத்தில் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கும்வரை மரம் சுருங்காது. அதற்குக் கீழே போகும்போதுதான் சுருங்கத் தொடங்கும். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். குறுக்கே, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல சுமார் இரண்டு மடங்கு. இந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது. சுவர் மெல்லியதாக இருந்தால் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். தடிமனாக இருந்தால் வெளிப்புறம் காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது உள்ளே இருக்கும் ஈரம் விடாது. வெடிப்பு விழுந்துவிடும்.

மூன்றாவது, காய்ந்த பிறகு கோணல் கண்ணுக்குத் தெரியுமா. நான்காவது, காலமும் இடமும். வாடகை வீட்டு பால்கனியில் லேத் வைத்திருப்பவருக்கும் தோட்டத்தில் கொட்டகை போட்டிருப்பவருக்கும் இதற்கு ஒரே பதில் இல்லை. ஐந்தாவது, லேத்துக்கும் உளிக்கும் உங்கள் மூக்குக்கும் வரும் செலவு.

## வழி 1: பச்சையாக, ஒரே அமர்வில்

வெட்டிய சில நாளிலேயே கட்டையை லேத்தில் ஏற்றி, அதே நாளில் சுவரை 5, 6 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து முடித்துவிடுவது. 1970, 80களில் அமெரிக்காவில் டேவிட் எல்ஸ்வொர்த் போன்ற கடைசல்காரர்கள் ஈர மரத்தில் மெல்லிய சுவருள்ள கலங்களைக் கடைந்து பேர் வாங்கினார்கள். மெல்லியதாக இருந்தால் காயும்போது வெடிக்காமல் வளையும். இந்த வழியின் மொத்த ரகசியமும் அவ்வளவுதான்.

பட்டை விளிம்புக்கு இது பொருந்துவதற்கு நேரடியான காரணம் ஒன்று உண்டு. காய்ந்தால் கிண்ணம் வட்டமாக இருக்காது, நீளவட்டமாகும். தட்டையான வாயில் அந்தக் கோணல் உடனே தெரியும், மேஜையில் கவிழ்த்தால் ஆடும். இங்கே வாய் ஏற்கெனவே ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கூடக் கொஞ்சம் கோணினால் யாருக்குத் தெரியப்போகிறது? பல கிண்ணங்கள் அந்தக் கோணலில்தான் அழகாகின்றன.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், செலவு அதில்தான் ஒளிந்திருக்கிறது. முதலில் பட்டைப் பக்கத்தில், நடுவில், நல்ல மரம் தெரியும்வரை ஒரு குழி போட வேண்டும். கட்டையைப் பிடித்துச் சுழற்றும் முனையான டிரைவ் சென்டரைப் பட்டையின் மேலேயே குத்தினால் பட்டை நழுவும், கட்டை பறக்கும். அடிப்பக்கத்தை டெயில்ஸ்டாக்கால் (எதிர்ப்பக்கத்திலிருந்து முட்டிப் பிடிக்கும் பகுதி) இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உயரமான முனைகள் இரண்டும், உளியைத் தாங்கும் டூல் ரெஸ்டிலிருந்து ஒரே தூரத்தில் கடக்க வேண்டும். தாழ்வான முனைகள் இரண்டும் அதேபோல. இல்லாவிட்டால் சென்டரை நகர்த்தி மறுபடி பாருங்கள். இந்தப் பத்து நிமிஷத்தில் சோம்பினால், வாய் ஒருபக்கம் தூக்கிய கிண்ணம்தான் கிடைக்கும். அப்புறம் வெளிப்புறத்தைக் கடைந்து, அடியில் சக் (லேத்தில் கட்டையைக் கவ்வும் பிடி) பிடிக்க ஒரு குமிழ் விட்டு, திருப்பி மாட்டி உள்ளே குடைய வேண்டும்.

குடையும்போது முனைகள் சுற்றும் இடத்தில் உளி பாதி நேரம் மரத்தையும் பாதி நேரம் காற்றையும் வெட்டும். விளிம்பு கண்ணுக்குப் புகை மாதிரிதான் தெரியும். பின்னால் ஒரு கறுப்புத் துணி கட்டினால் அந்தப் புகையின் ஓரம் தெளிவாகத் தெரியும். விரல் அந்தப் பக்கமே போகக்கூடாது. முகக் கவசம் இல்லாமல் இந்த வேலை வேண்டவே வேண்டாம். வேகத்துக்கு, விட்டத்தை அங்குலத்தில் எடுத்து நிமிஷச் சுற்றோடு பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வரவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900. பட்டைக் கட்டைக்குச் சமநிலை கிடையாது என்பதால் நான் 400க்குக் கீழேயே தொடங்குவேன், லேத் நடுங்காதவரை மட்டும் ஏற்றுவேன்.

விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே போய், அந்த இடத்தின் தடிமனை முழுசாக முடித்துவிட்டுத்தான் அடுத்த அங்குலத்துக்குப் போக வேண்டும். அடிவரை போய்விட்டு விளிம்புக்குத் திரும்பிவரக்கூடாது. அதற்குள் விளிம்பு அசைந்திருக்கும்.

இதை நான் ஒரு வேப்பங்கட்டையில் கற்றுக்கொண்டேன். விளிம்பை முடித்துவிட்டு, தயிர்சாதம் சாப்பிட உள்ளே போனேன். வந்தது முக்கால் மணி நேரம் கழித்து. மே மாதம், பட்டறையில் ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. லேத்தைப் போட்டால் நிழல் ஒன்றுக்கு இரண்டாக ஆடுகிறது. சரி, லேசாக ஒரு தடவை இழுத்துச் சமன் செய்துவிடலாம் என்று உளியை வைத்தேன். தாழ்வான பக்கத்தில் சுவர் இரண்டு மில்லிமீட்டர் ஆனது, உயரமான பக்கத்தில் எட்டு. மூன்றாவது இழுப்பில் தாழ்வான பக்கம் காணாமலே போனது. பட்டை ஜன்னல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் முதலாவது அந்த நேரம்தான்: இடைவெளி இல்லாத மூன்று, நான்கு மணி. நடுவில் போய்த்தான் ஆகவேண்டும் என்றால் ஈரச் சுருள்களை உள்ளே அடைத்து பிளாஸ்டிக் பையால் மூடுங்கள். இரண்டாவது துரு. பச்சைக் கட்டையிலிருந்து சாறு கோடாகத் தெறிக்கும், லேத்தின் படுக்கையைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் மறுநாள் காலை செம்மண் நிறம். துவர்ப்புள்ள மரமாக இருந்தால் இரும்பு பட்ட இடமெல்லாம் மரத்தில் நீலக் கறுப்புக் கறை விழும். மூன்றாவது உப்புத்தாள். ஈர மரத்தில் அது இரண்டு நிமிஷத்தில் அடைத்துக்கொள்ளும். கிண்ணம் காய்ந்த பிறகு கையில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அப்போது அது வட்டமாக இருக்காது. அடியும் ஆடும். கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தால் சரியாகும்.

காயவைப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு மடிப்பு செய்தித்தாளில் சுற்றி, காற்று நேராக அடிக்காத நிழலில், இரண்டு மூன்று வாரம். கத்திரி வெயிலில் நான்கு மடிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் தாளை இரண்டு நாளைக்கு ஒருதடவை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

## வழி 2: தடிமனாகக் கடைந்து, காயவைத்து, மறுபடி

பச்சையில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விடுவது. பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஓர் அங்குலச் சுவர். நார் முனை வெளித்தெரியும் இடங்களில் மெழுகு பூசி, ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் பரணில். மாதம் ஒருமுறை எடை பார்த்து, எடை மாறாமல் நின்ற பிறகு மறுபடி லேத்தில்.

சாதாரணக் கிண்ணத்துக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. பட்டைக் கிண்ணத்துக்கு இது மூன்று இடத்தில் இடிக்கும்.

ஒன்று, திரும்ப மாட்டுவது. காய்ந்ததும் அடிக்குமிழும் நீளவட்டமாகியிருக்கும், அதை மறுபடி வட்டமாக்க வேண்டும். சாதாரணக் கிண்ணமாக இருந்தால் வாயை ஒரு தட்டைப் பலகையில் அழுத்தி, பின்னாலிருந்து டெயில்ஸ்டாக்கை முட்டக்கொடுத்து அடியைச் சரிசெய்வோம். இங்கே பலகையைத் தொடுவது இரண்டு முனைகள்தான், கிண்ணம் ஊஞ்சல் ஆடும். கிண்ணத்தின் உள் அடியில் போய் முட்டும் அளவுக்கு நீண்ட ஒரு மரக்கட்டையைச் செய்து, நுனியில் ரப்பர் ஒட்டி மாட்ட வேண்டும். முடியும், ஆனால் அதுவே ஒரு தனி வேலை.

இரண்டு, பட்டை. பட்டையும் மரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பத்து மாதத்தில் நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்திருக்கும். காய்ந்த பட்டை மொறுமொறுவென்று வேறு இருக்கும். அதன்மேல் விட்டு விட்டு வெட்டும் உளி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை தட்டினால் என்ன ஆகும்?

மூன்று, வண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் விழுந்த மரங்களிலிருந்து கட்டை பொறுக்கியவர்களில் நானும் ஒருவன். ஆறு கிண்ணங்களைத் தடிமனாகக் கடைந்து பரணில் வைத்தேன். அடுத்த தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது இறக்கிப் பார்த்தால், ஒன்றின் அடியில் மைதா மாவு போல ஒரு சின்னக் குவியல். வெள்ளைப் பகுதி முழுக்க குண்டூசித் துளைகள். பட்டைக்குக் கீழே இருக்கும் வெள்ளையில்தான் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு வேண்டியதும் அதுதான். பட்டை விளிம்புக் கிண்ணத்தில் அந்த வெள்ளையை வெட்டித் தள்ளவும் முடியாது, அழகே அதில்தானே. மீதி ஐந்தில் இரண்டுக்குப் பட்டை கழன்றது. மூன்று தேறின. கடைந்த உடனே வெண்காரக் கரைசலில் ஊறவைத்தால் வண்டைத் தடுக்கலாம். ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தின்பண்டம் பக்கம் கொண்டுபோகக்கூடாது.

அப்படியானால் இந்த வழி எப்போது? சுவர் கனமாக, கையில் தூக்கினால் பாரம் தெரிய வேண்டும் என்றால் இதுதான் வழி. 14, 15 அங்குலத்துக்கு மேல் போகும் பெரிய கிண்ணங்களுக்கும் இதுவே. விற்பவர்களுக்கும் பொருந்தும்: வாங்குபவர் மேஜையில் வைத்ததும் அசையாமல் உட்காரவேண்டும், ஆறு மாதம் கழித்து "வாய் கோணிடுச்சு" என்று போன் வரக்கூடாது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினருக்குக் கொடுக்கிறீர்கள் என்றாலும் யோசியுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் மரத்தின் ஈரம் நம் ஊரில் இருப்பதில் பாதிக்குக்கூட இறங்கிவிடும். தடிமனான சுவரை அரைகுறையாகக் காயவைத்து அனுப்பினால் அங்கே போய் வெடிக்கும். மெல்லிய சுவர் அங்கேயும் வளைந்து பிழைத்துக்கொள்ளும்.

## வழி 3: ஏற்கெனவே காய்ந்த கட்டை

விறகுக் கடையிலோ மரம் அறுக்கும் மில்லிலோ கிடக்கும் பழைய கட்டையை வாங்கிக் கடைவது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் வெடிப்பில்லாமல் காய்ந்த முழு உருட்டுக்கட்டை கிடைப்பது அபூர்வம். நடுச்சோறிலிருந்து பட்டையை நோக்கி நட்சத்திரம் போல வெடித்திருக்கும், பட்டையில் பாதி உதிர்ந்திருக்கும். வெடிப்பை எபாக்சி பிசினால் நிரப்பலாம், அது வேறு அழகு, வேறு செலவு.

இதைவிடப் பெரிய செலவு தூசி. பச்சை மரம் சுருளாக வந்து காலடியில் விழும். காய்ந்த மரம் தூளாக வந்து நுரையீரலுக்குப் போகும். வாகை, தூங்குமூஞ்சி இரண்டின் தூளும் மூக்கைப் பிடுங்கும். துணி மாஸ்க் போதாது. உளியையும் இரண்டு மடங்கு தடவை தீட்ட வேண்டிவரும்.

நாலைந்து அங்குலத்துக்குள் சின்னக் கிண்ணம், மரத்தில் கழலையாகப் புடைத்திருக்கும் முண்டு, அல்லது அடுத்த வாரம் கிரகப்பிரவேசம், பரிசு இன்னும் தயாராகவில்லை என்ற நிலை. இந்த மூன்றுக்கும் வழி 3 சரி. முண்டில் நார் எல்லாப் பக்கமும் சுருண்டு கிடப்பதால் வெடிப்பும் கோணலும் குறைவு.

## ஒரே பார்வையில்

| | பச்சையாக ஒரே தடவை | இரண்டு தடவை | காய்ந்த கட்டை |
|---|---|---|---|
| பட்டை நிற்பது | நன்றாக நிற்கும் | பாதிக்குப் பாதி | பெரும்பாலும் முன்பே போயிருக்கும் |
| வெடிப்பு | சுவர் மெல்லியதானால் குறைவு | பரணில் வெடிக்கலாம் | கட்டையிலேயே இருக்கும் |
| காய்ந்தபின் கோணல் | உண்டு, உறுத்தாது | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| காலம் | ஒரு நாள், பிறகு 2, 3 வாரம் | 6 முதல் 12 மாதம் | ஒரு நாள் |
| மறைமுகச் செலவு | துரு, கையால் தேய்ப்பு | இடம், வண்டு, தனி மாட்டுக்கட்டை | தூசி, தீட்டல், எபாக்சி |
| கடைபவரின் திறமை | மெல்லிய சுவருக்குக் கை பழக வேண்டும் | மாட்டுவதில் பொறுமை | குறைவாகப் போதும் |

## மரத்தைப் பொறுத்து முடிவு மாறும்

தூங்குமூஞ்சி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், வழி 1. மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் சாலையோரமெல்லாம் நிற்கும் இந்த மரம், பச்சையிலிருந்து முற்றாகக் காயும்வரை வளையத் திசையில் சுருங்குவது சுமார் 3.4 சதவீதம்தான். மாமரம் 5.5க்குப் பக்கம். பத்து அங்குலக் கிண்ணத்தில், வீட்டுக்குள் இருக்கும் ஈரம்வரை காய்ந்தால், தூங்குமூஞ்சி குறுக்கே 5 மில்லிமீட்டர் குறையும், மா 8 வரை போகும். ஹவாயில் இதே மரத்தை மங்கிபாட் என்ற பெயரில் பச்சையாகவே கிண்ணம் கடைந்து விற்றே ஒரு தொழில் வளர்ந்தது. பட்டை, வெளிர் வெள்ளை, சாக்லேட் நிற வைரம் என்று மூன்று கோடுகளும் தெளிவாக வரும்.

சீமைக் கருவேலத்தை விறகாகவும் கரியாகவும் மட்டுமே பார்க்கிறோம். அதன் நெருங்கிய சொந்தக்காரரான மெஸ்கீட்டை டெக்சாஸிலும் அரிசோனாவிலும் கடைசல்காரர்கள் தேடிப் பிடிக்கிறார்கள், சுருக்கம் அவ்வளவு குறைவு. கடினம், உளியைத் தின்னும். ஆனால் மூன்று வழிக்கும் ஒத்துவரும். நேரான பருமனான கட்டை கிடைப்பதுதான் பாடு.

பூவரசு பச்சையாகவே நல்லது. பலா பச்சையில் பட்டையிலிருந்து பால் வடிக்கும், பழம் அறுப்பதுபோல் கையிலும் உளியிலும் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மாங்கட்டையை வெட்டிய ஒரு வாரத்துக்குள் கடைந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை நீலம் பாய்ந்துவிடும். சிலர் அதையே அழகென்று விடுகிறார்கள். புளி கனம், நார் முறுக்கு. அதில் மட்டும் நான் வழி 2 பக்கம் சாய்வேன்.

## பட்டையை விடுவதா, உரிப்பதா

கடையத் தொடங்கும் முன்பே இதையும் முடிவுசெய்ய வேண்டும். நகத்தால் பட்டையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால் விடலாம். எங்காவது டொப்பென்று வந்தால் அங்கே ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது. பாதிப் பட்டையோடு நிற்கும் கிண்ணம் சொறி பிடித்தது போலிருக்கும், முழுசாக உரித்துவிடுவதே மேல். உரித்த பிறகும் விளிம்பின் அலை இருக்கும், உள்தோலின் வரிகளும் இருக்கும்.

மரம் துளிர்விட்டுச் சாறு ஓடும் காலத்தில் பட்டைக்குக் கீழே இருக்கும் வளர்படலம் மென்மையாக இருக்கும், அப்போது வெட்டிய கட்டையில் பட்டை வாழைப்பட்டை மாதிரி கழலும். இலையுதிர்த்து மரம் ஓய்ந்திருக்கும் வறண்ட மாதங்களில் வெட்டியது நிற்கும். ஈ.பி. காரர்கள் நம்மைக் கேட்டு வெட்டப்போவதில்லை. அதனால் தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூவை, கடைவதற்கு முன் ஒரு தடவையும் வெளிப்புறம் முடிந்ததும் ஒரு தடவையும், பட்டையும் மரமும் சேரும் கோட்டில் ஓடவிடுங்கள். வெள்ளைப் பகுதியில் முதலில் ஏதாவது பூச்சு தடவிக்கொள்ளாவிட்டால் க்ளூ ஊறிய இடம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

## யாருக்கு எது

முதல் பட்டைக் கிண்ணமா? வழி 1, ஆனால் 6 அங்குலக் கட்டை, சுவர் 8 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் ஆசையெல்லாம் ஐந்தாவது கிண்ணத்தில் பார்த்துக்கொள்ளலாம். பால்கனியில் வேலை செய்பவருக்கும் வழி 1தான், கட்டைகளைச் சேர்த்துவைக்க இடமில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தூசியும் போகாது.

வீட்டு முற்றத்தில் அறுபது வருஷம் நின்ற மரம் விழுந்து, அதன் நினைவாக ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மட்டும் நான் ஒரே வழியைச் சொல்வதில்லை. அந்த மரம் இன்னொரு தடவை விழாது. கட்டைகளின் இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் போட்டு, இரண்டைப் பச்சையாக முடித்துவிடுங்கள், மூன்றைத் தடிமனாகக் கடைந்து வையுங்கள். எது வெடித்தாலும் ஒன்றாவது கையில் நிற்கும்.

பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். தேங்காய் எண்ணெய் உலராது, நாளடைவில் சிக்கடிக்கும். எப்படிக் கடைந்தாலும் இந்தக் கிண்ணத்தில் ரசம் ஊற்ற முடியாது, தாழ்வான விளிம்பு வழியாகக் கொட்டிவிடும். வாழைப்பழம், சாவி, உதிரிப் பூ வைக்கலாம்.

போட்டோ அனுப்பியவருக்கு எழுதிய பதில் இது: வழி 1. கட்டையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளந்து, ஈரச்சாக்கு போர்த்தி வையுங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லேத்தில் ஏற்றுங்கள். டிபனைச் சாப்பிட்டுவிட்டே ஏற்றுங்கள்.